மாரியும் உறைபனியும்

கனடாவிலே குளிர்காலம் தொடங்கிவிட்டது என்பதை மன்னாரில் இருந்துகொண்டே நாம் அறிந்துகொள்வதற்கு ஒரு வழியுண்டு. ரொறன்ரோவில் வாழும் எமது பால்ய நண்பர் இரவு வேலை முடிந்து, காலை ஏழு மணிக்கு பஸ் தரிப்பிடத்தில் நின்றவாறு எம்மை அழைப்பது வழக்கம். கோடையில் அவ்வழைப்பு எமக்கு மாலை நாலரை மணிக்கு வரும். நவம்பர் மாதத்து முதல் ஞாயிறன்று அந்நாட்டார் தம் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னே திருப்பி வைக்கின்றனர். அன்று தொட்டு அழைப்பு ஐந்தரைக்கு வரும். அந்நேரம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி முடித்துவிட்டு, நாம் வங்காலைக் களப்பின் கரையில் நிற்போம்.

வடகீழ்ப் பருவமழை களப்பை நிறைக்கும் காலம் அது. வட ஆசியாவின் ஏரிகள் உறையத் தொடங்கியதும் ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கான மைல் பறந்து இத்தீவுக்கு வந்து சேர்கின்றன. சேற்று நீரிலே பூநாரைகள் வளைந்த அலகைக் கவிழ்த்து இரைதேடும். ஈரநிலங்களைப் பேணுவதற்கான றாம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 2010ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட இடம் இது. 4,839 ஹெக்டயர் பரப்புடையது. கண்டம் வேறாயினும், எமது நண்பரை வீட்டினுள்ளே அடைத்து வைக்கும் அதே வடபுலத்துக் குளிர்காலந்தான் இப்பறவைகளை எம்மிடம் அனுப்பி வைக்கிறது என்ற எண்ணம் அங்கு நிற்கும்போதெல்லாம் எமக்கு எழும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நாளுக்கு ஒரு படம். அதுவும் தத்தம் கண்ணாலே கண்டதாக இருத்தல் வேண்டும். பிறர் எடுத்ததை அனுப்புதல் கூடாது. ஒக்டோபரில் அவர் மேப்பிள் மரங்களை அனுப்பினார். பச்சையம் சிதைந்து மறைய, அதுவரை மூடுண்டு கிடந்த மஞ்சள் வெளிப்படுகிறது என்றும், சிவப்போ இலையுதிர் காலத்திலே இலை புதிதாக உண்டாக்கும் நிறம் என்றும் அவருக்கு விளக்கினோம். விஞ்ஞான ஆசிரியனின் பழக்கம் எளிதிலே விட்டுப் போவதன்று. மற்றொரு நாள், ஸ்காபரோவிலுள்ள ஹைலண்ட் சிற்றாற்றில் சால்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்துத் துள்ளி ஏறும் காட்சி வந்தது. ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறி, முட்டையிட்டபின் மடிந்துபோகும் மீன்கள் அவை. படத்தின் கீழே எமது ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருந்தார்: "பாவம் மச்சான் இந்த மீன். பிறந்த ஆத்துக்குத் திரும்பி வருது, சாகிறதுக்கு."

தொண்ணூறுகளில், போரின் நடுவே, ஊரைவிட்டுப் போனவர் அவர். கரைவலை இழுத்த குடும்பத்துப் பிள்ளை. இன்று அலுவலக மாடிகளை இரவிரவாகத் துப்புரவு செய்கிறார். அவ்வாக்கியத்தை வாசித்தபின் நெடுநேரம் எமக்குப் பதில் எழுத வரவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தகைய பொழுதுபோக்கை நாம் ஒருகாலத்தில் ஏளனம் செய்திருக்கிறோம். உழைக்கும் மக்கள் உணவுக்கு அல்லலுறுகையில் நிலவையும் மலரையும் பாடுவோரைச் சோம்பேறிகள் என மேடைகளில் சாடியிருக்கிறோம். கைத்தொலைபேசி நட்பையோ நட்பென்றே மதித்ததில்லை. அதன் பின்னே பெருங் கம்பனிகளின் இலாபம் நிற்கிறது என்பதை இன்றும் மறுக்கமாட்டோம். ஆயின், போர்க்காலத்தில் ஒரு வான்கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்தோரும் நாமே. அஞ்சல் சேவையை நடத்தியவர் யார் என்பதைக் கொண்டு அக்கடிதத்தின் அன்பை நாம் அளந்ததுண்டா?

இயற்கையைப் பற்றிய எமது பழைய வாதத்திலும் பிழையிருந்தது. 1932 ஏப்ரல் 24ஆந் திகதி இங்கிலாந்தின் ஆலை நகரங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான இளந் தொழிலாளர், பிரபுக்கள் பறவை வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்துக்குள் தடையை மீறி நடந்தனர். காவலாளருடன் கைகலப்பு நேர்ந்தது; ஐவர் சிறை சென்றனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வன்று. வாரத்தில் ஒரு நாளேனும் புகையில்லாத காற்றையும் திறந்த வானத்தையும் கேட்டனர். தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறங்களில் மக்கள் நடமாடுவதற்கும் வழிசெய்த சட்டம் 1949இல் அந்நாட்டில் நிறைவேறியதற்குப் பின்னே இத்தகைய நடைகளும் இருந்தன. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய முன்னோர், எட்டு மணி நேரம் உழைப்புக்கு, எட்டு மணி நேரம் ஓய்வுக்கு, எஞ்சிய எட்டு மணி நேரம் எமக்கு என்றே முழங்கினர். அந்த எஞ்சிய எட்டு மணி நேரத்தில் ஒரு பறவையைப் பார்ப்பதற்கும் இடமுண்டு என்பதை நாம் மறந்திருந்தோம்.

அதை எமக்கு உணர்த்தியது நண்பரின் மௌனம். ஈராண்டுகளுக்கு முன் டிசம்பர் மாதத்தில் படங்கள் நின்றன. அழைப்பும் நின்றது. இரண்டு நாள், மூன்று நாள் எனப் பன்னிரண்டு நாள் சென்றன. நோயோ, விபத்தோ என அஞ்சினோம். பதில் வாராவிடினும் எமது பங்கை நிறுத்தவில்லை. காரணம் கேட்டு நச்சரிக்காமல், நாளுக்கு ஒன்றாகக் களப்பை அனுப்பிக்கொண்டிருந்தோம். மழையில் நனைந்த பனங்கூடல், வேலியோரத்துக் கார்த்திகைப் பூ, வலையைத் தோளிலே போட்டுக்கொண்டு கரையேறும் ஒருவர், அந்தி வெளிச்சத்தில் வாத்துக் கூட்டம்.

பதின்மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. உறைபனி மூடிய கம்பி வேலியின்மேல் கறுத்தத் தொப்பி அணிந்தாற்போன்ற தலையோடு ஒரு சின்னஞ் சிறு குருவி. குளிருக்கு அஞ்சித் தெற்கே செல்லாமல் அங்கேயே மாரியைக் கழிக்கும் இனம் அது. பின்னர் அவர் குரல் கேட்டது.

"பன்னிரண்டு நாளாய் வெய்யிலைக் கண்ணால காணேல்லை மச்சான். உள்ள போகேக்கையும் இருட்டு, வெளியில வரேக்கையும் இருட்டு. கதைக்க மனமில்லை. உன்ர படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தனான்."

வீட்டு வாடகை உயர்ந்தமையால், யன்னலே இல்லாத ஒரு களஞ்சியசாலையில் பகல் வேலையொன்றையும் அவர் ஏற்றிருந்தார். டிசம்பரில் ரொறன்ரோவின் பகற்பொழுது ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவையும் களஞ்சியசாலை விழுங்கிவிட்டது. ஒளி குன்றிய குளிர்காலத்தில் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வு பீடிக்கும் என்பதை வைத்தியர்கள் அறிவர். எவருக்கு அவ்வொளியில் ஒரு சிறு பங்கும் கிட்டுவதில்லை என்பது வைத்தியத்தை மட்டும் சார்ந்த கேள்வியன்று. உழைப்பவனிடமிருந்து பறிக்கப்படுவது கூலியின் ஒரு பகுதி மாத்திரமே என்று எண்ணியிருந்தோம். சூரியனும் பறிக்கப்படுகிறான் என்பதை அன்று கண்டோம். மருத்துவரைக் காணுமாறு வற்புறுத்தினோம், அவரும் சென்றார். மார்ச் மாதத்தில் பகல் வேலையை விட்டுவிட்டார். இப்போது விடுமுறை நாட்களில் நகர பஸ்ஸிலேறி றூஜ் தேசிய நகரப் பூங்காவுக்குச் செல்கிறார். அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

2025 நவம்பர் இறுதியில் மௌனம் எமது முறையாயிற்று. தித்வா புயல் நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் விளைத்து, அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு சென்றது. எமது ஒழுங்கையிலும் முழங்காலளவு நீர். மின்சாரம் இல்லை. கைத்தொலைபேசி ஐந்து நாள் வெறுங் கல்லாய்க் கிடந்தது. மீண்டும் உயிர் பெற்றபோது அதில் ஐந்து படங்கள் காத்திருந்தன. நாளுக்கு ஒன்று, கேள்வி எதுவுமில்லை. முதல் நான்கிலும் பனி, மரம், வானம். ஐந்தாவது ஒப்பந்தத்தை மீறியது. துப்புரவுத் தொழிலாளரின் சிற்றறை. மேசைமீது ஒரு பிஸ்கற் தகரம். அதைச் சுற்றிப் பிலிப்பைன்ஸ், சோமாலியா, பஞ்சாப் எனப் பல தேசத்து முகங்கள். ஒருவரும் மன்னாரைக் கண்டவரல்லர். நண்பரின் கைத்தொலைபேசியில் எமது களப்பை நாள்தோறும் பார்த்துப் பழகியவர்கள். அத்தகரத்திற் சேர்ந்த பணம், வெள்ளத்தில் நனைந்துபோன எமது மாணவரின் கொப்பிகளாகவும் புத்தகப் பைகளாகவும் வந்து சேர்ந்தது.

அந்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வந்த முதற் கிழமையிலே அவர்களைக் களப்புக் கரைக்கு அழைத்துச் சென்றோம். பாடத்திட்டத்தில் இதற்கு நேரமில்லை என ஒரு சக ஆசிரியர் எச்சரித்தார். நேரம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்றோம். நாளை இவர்களுள் சிலரும் யன்னலில்லாத இடங்களில் வேலை செய்ய நேரலாம். இழந்தது இன்னதென்று அறிந்தவனே அதைத் திருப்பிக் கேட்பான்.

ஒரு சிறுமி எமது கைத்தொலைபேசியை வாங்கிப் பூநாரைக் கூட்டத்தைப் படமெடுத்தாள். எவருக்கு அனுப்புவதென்று கேட்டாள். பஸ் தரிப்பிடத்தில் இருட்டிலே நிற்கும் ஒரு மாமாவுக்கு என்று சொன்னோம். அவள் தானே அனுப்பினாள். மணி ஐந்தரை ஆகச் சற்று நேரமே இருந்தது.