கொளத்தூர் டு குரோம்பேட்டை: குட்டி யானையில் ஏழு மீன்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கொளத்தூர் பக்கம் போயிருக்கிறீர்களா? பெயரிலேயே குளம், பக்கத்தில் ரெட்டை ஏரி. நகரத்தின் வண்ண மீன் வியாபாரத்துக்கு இந்த ஊர்தான் தலைவாசல். கடைக்குக் கடை கண்ணாடித் தொட்டிகள், வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பாலிதீன் பைகள், ஆக்ஸிஜன் சிலிண்டர் ‘புஸ்’ஸென்று சீறும் சத்தம். அக்கம்பக்கத்திலும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் சிமென்ட் தொட்டி கட்டிக் குஞ்சு எடுப்பவர்கள், விடிவதற்குள் சரக்கோடு வந்துவிடுகிறார்கள்.

நான் போனது கடைக்கு அல்ல. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு, பழைய தொட்டி வாங்க.

போன வருஷம் பளபளவென்று புதுத் தொட்டி வாங்கி, அன்றைக்கே பத்து மீன்களை விட்டேன். இரண்டே வாரத்தில் பத்தும் போயின. மகள் ஒவ்வொன்றாக மல்லிகைத் தொட்டியில் புதைத்தாள். பிறகுதான் விஷயம் புரிந்தது. மீனின் கழிவிலிருந்து வருவது அம்மோனியா, மீனுக்கு விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியிலோ ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஏற்கெனவே குடியிருக்கும். ஆக, மூன்றடித் தொட்டி, ஸ்டாண்டு, மீன்கள் எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் என்றபோது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது பணம் அல்ல, அந்த அழுக்கு ஸ்பாஞ்சுதான்.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். கணவர் வளர்த்த மீன்கள். அவர் போய் ஒரு வருஷம். மகனோடு பெங்களூருக்குக் குடிபோகிறார். “நான் கிட்ட வந்தாலே நாலு ஏஞ்சலும் கண்ணாடிகிட்ட ஓடி வந்துடும் தம்பி” என்றார். நாலு ஏஞ்சல், இரண்டு கறுப்பு மோலி, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சக்கர்.

பயணத்துக்கு முந்தின நாள் தீனி போட வேண்டாம், வயிறு காலியாக இருந்தால் பையில் தண்ணீர் கெடாது என்று போனில் சொல்லியிருந்தேன். “பட்டினி போட்டா அனுப்புறது? நேத்து ராத்திரி ஒரே ஒரு சிட்டிகை போட்டேன்” என்றார். சரி, போகட்டும்.

அடுத்துச் சொன்னதுதான் தூக்கிவாரிப்போட்டது. “அழுக்கா குடுத்தா நல்லாவா இருக்கும்? ஸ்பாஞ்சைக் குழாயில நல்லா அலசி, வெயில்ல காயவெச்சு வெச்சிருக்கேன்.”

நான் தேடி வந்த குடித்தனம் மொத்தமும் குளோரின் தண்ணீரில் போய்விட்டது. அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? “ரொம்ப நன்றிம்மா” என்றேன். நல்லவேளை, கூழாங்கல்லில் கைவைக்கவில்லை.

“சார், பாதித் தண்ணியோட தூக்கிடலாமே” என்றார் குட்டி யானை டிரைவர். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம்: நாலரை கன அடி. நிறைத்தால் 127 லிட்டர், அதாவது 127 கிலோ. பாதி என்றாலும் அறுபது கிலோவுக்கு மேல். தூக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தால் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகும். முழுக்க இறைத்தோம். பாதித் தண்ணீர் கேன்களில். கல் அதே தண்ணீரில் ஊறியபடி பக்கெட்டில். காலித் தொட்டி பழைய மெத்தைமேல்.

மீன்களைக் கடைசியாகத்தான் பிடித்தோம். தெருமுனைக் கடையில் பைக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன். சக்கருக்கு இரட்டைப் பை. அதன் துடுப்பு முள் பிளாஸ்டிக்கைக் கிழித்துவிடும். (பெரிதாகிவிட்டது என்று சக்கரை ஏரியில் விடுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது நம்மூர் மீன் அல்ல, விட்ட இடத்தில் மற்ற மீன்களின் பிழைப்பைக் கெடுக்கும்.)

பாடி மேம்பாலம், திருமங்கலம், கோயம்பேடு. தெர்மாகோல் பெட்டி என் மடியில். வடபழனி சிக்னலில் பேன்ட் நனைந்தது. சக்கரின் வேலை! உள் பை கிழிந்து, வெளிப் பையின் முடிச்சு வழியே கசிவு. ரப்பர் பேண்டை இறுக்கிப் பிடித்தபடியே கத்திப்பாராவைத் தாண்டி குரோம்பேட்டை வந்துசேர்ந்தேன்.

ஸ்டாண்டில் தெர்மாகோல் ஷீட் விரித்துத் தொட்டியை வைத்தோம். கல், கொண்டுவந்த தண்ணீர், முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீர். விளக்கை அணைத்து, பைகளை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றினோம். கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டோம். மகள் தூரத்தில் நின்றே பார்த்தாள்.

ஸ்பாஞ்சு போன குறைக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். தீனி பேருக்குத்தான். ஆனாலும் மூன்றாம் நாள் ஒரு மோலி செத்து மிதந்தது. அதே மல்லிகைத் தொட்டி. ஆனால் இந்த முறை மகள் திரும்பி வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மாதம் கழித்து பெங்களூரிலிருந்து வீடியோ கால். தொட்டிமுன் போனைப் பிடித்தேன். ஏஞ்சல்கள் கண்ணாடிக்கு வந்தன. அம்மா விரல்விட்டு எண்ணினார். “அஞ்சுதானே தெரியுது?”

“சக்கர் கல்லுக்குப் பின்னால...” என்று நான் இழுப்பதற்குள் மகள் எட்டிப் பார்த்தாள். “ஒரு மோலி செத்துடுச்சு பாட்டி.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“மீதி சாப்பிடுதா?”

“ம்... சாப்பிடுது.”

“சரி கண்ணு. என்னை மாதிரி ராத்திரியில போடாதே.”