தில்லை மரமும் நெய்வேலிப் புகைபோக்கியும்

சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்ற பெயர் ஒரு மரத்தால் வந்தது. நடராஜர் கோயிலின் தல விருட்சமான அந்தத் தில்லையை இன்று நகருக்குள் காண்பது அரிது. சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிச்சாவரத்துக்குப் போனால் பார்க்கலாம். கிளையை மட்டும் ஒடித்துவிடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

பிச்சாவரம், சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்த அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. காலையிலேயே போய், துடுப்புப் படகு எடுங்கள். சுரபுன்னை வேர்கள் இருபுறமும் நெருக்கும் குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும்.

வேர்களுக்குக் கீழே இருக்கும் கருஞ்சேற்றையும் கவனியுங்கள். அதில் காற்று புகாது. உதிர்ந்த இலையும் வேரும் முழுதாக மட்குவதில்லை. அவற்றிலுள்ள கார்பன் நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே பூட்டிக் கிடக்கிறது. காட்டை அழித்தால் பூட்டு உடையும்.

இதே கடலூர் மாவட்டத்தின் இன்னொரு முனையில் நெய்வேலி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த தாவரங்கள்தான் அங்கே பழுப்பு நிலக்கரி. அதை எரித்து, 1962 முதல் மின்சாரம் எடுக்கிறோம். அன்று தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. என்.எல்.சி. இப்போது 1,300 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரத் திறனையும் வைத்திருக்கிறது. ஆனாலும் அனல்மின் நிலையங்கள் ஓடுகின்றன. வீடுகளின் விளக்கும் பல குடும்பங்களின் அடுப்பும் அவற்றை நம்பியிருப்பதால், ஒரே நாளில் நிறுத்திவிடவும் முடியாது.

2070-க்குள் கார்பன் சமநிலை என்பது இந்தியாவின் இலக்கு. அதாவது, வெளியேற்றும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாக வேண்டும். பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல் கணக்கையும் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்று 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியது. அதனால் 'மரம் நட்டோம்' என்று பல நிறுவனங்கள் பெருமையாகச் சொல்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அலையாத்திக் காடு ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு சுமார் 8 டன் கரியமில வாயுவை உறிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். பிச்சாவரம் முழுவதற்கும் சுமார் 8,800 டன். பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் 1 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். 1,000 மெகாவாட் நிலையம் முழுவீச்சில் ஓடினால், மணிக்கு 1,000 டன்னுக்கு மேல். காட்டின் ஓராண்டு உழைப்பு, ஒன்பது மணி நேரப் புகைக்குக்கூடப் போதாது!

மரம் நடுவது வீண் என்று இதற்குப் பொருளல்ல. 2004 சுனாமியின்போது பின்னாலிருந்த கிராமங்களை நோக்கி வந்த அலையின் வேகத்தைத் தணித்தது இந்தக் காடுதான். ஆனால், புகைபோக்கியின் கடனை அதன் தலையில் கட்ட முடியாது. இனி எந்த நிறுவனமாவது 'மரம் நட்டோம்' என்றால், 'நல்லது, புகை எவ்வளவு குறைந்தது?' என்றும் கேளுங்கள்.