சேற்றில் நிமிர்ந்து நிற்குமா?

பெங்களூர் ஒக்கலிபுரத்துத் தமிழருக்குப் படகு என்றதும் ஞாபகம் வருவது அல்சூர் ஏரியாகத்தான் இருக்கும். ராணுவப் பொறியியல் பிரிவினர் துடுப்பு பழகும் ஏரி. காலையில் கட்டிய படகு மாலையிலும் தண்ணீரிலேயே கிடக்கும். தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. காலையில் மிதந்த படகு மத்தியானம் சேற்றில் உட்கார்ந்திருக்கும். கடலோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

இத்தனைக்கும் பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. குஜராத்தின் பாவ்நகரில் கடல் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. கப்பல் மிதக்க மதகு போட்டுத் தண்ணீரைத் தேக்கிவைக்கிறார்கள். இங்கே விஷயம் வேறு. தரை கிட்டத்தட்ட தட்டை. நீர் ஒரு முழம் இறங்கினாலே பெரும்பரப்புச் சேறு வெளியே தெரிகிறது. தினமும் இரண்டு தடவை இது நடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகம்.

எனவே இந்தக் கரையில் சிறு படகு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேகத்தைப் பற்றி அல்ல. தண்ணீர் வற்றினால் படகு எப்படி உட்காரும்? அடிப்பக்கம் கூர்மையானது என்றால் ஒருபக்கமாகச் சாயும். திரும்பி வரும் நீர், படகு நிமிர்வதற்குள் விளிம்பைத் தாண்டி உள்ளே புகுந்துவிடலாம். வலை, எஞ்சின் எல்லாம் நனையும். கடனில் வாங்கிய எஞ்சின் என்றால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிவதே சந்தேகம்.

முன்னோர் கண்ட பதில் வத்தை. பெட்டி மாதிரி தட்டையான அடி, நிமிர்ந்த பக்கங்கள். சேற்றில் சமமாக அமர்ந்துவிடும். பாய் விரித்தால் கவிழாமல் இருக்கக் குறுக்கே ஒரு நீளப் பலகை. காற்று வரும் பக்கமாக அதன்மீது ஆட்கள் ஏறி உட்காருவார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920ல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பலகைப் படகுகளையும் விவரித்திருக்கிறார்.

தட்டை அடிக்கும் தொல்லை உண்டு. களிமண் அதைக் கவ்விக்கொள்ளும். இரு பக்கமும் ஆட்டி ஆட்டித்தான் விடுவிக்க முடியும். மரம் வெயிலில் காய்ந்தால் பலகை இணைப்பு விரியும், தண்ணீரிலேயே கிடந்தால் புழு துளைக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் குவிந்தன. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் கரைகளில் படகுகளை நொறுக்கிப்போட்டதும் பலருக்கு மறுபடி படகு தேட வேண்டி வந்தது. ஃபைபர் இலேசானது, புழு அரிக்காது, தச்சரைத் தேடி அலைய வேண்டாம். இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் அலையைக் கிழிக்க வேண்டிய சோழமண்டலக் கரைக்கு ஏற்ற கூர் முகப்பும் சரிந்த அடியும் அலையே இல்லாத சேற்றுக்கரையில் எதற்கு? நிவாரணப் பட்டியல் தயாரிப்பவர்கள் கரைக்குக் கரை வித்தியாசம் பார்ப்பது அபூர்வம். ஃபைபர்தான் வேண்டுமென்றால் அடி அகன்றதாகப் பார்த்து வாங்குவது நல்லது. எஞ்சினும் நீளத் தண்டு கொண்டதாக இருக்கட்டும். ஆழம் குறைந்தால் விசிறியைத் தூக்கிவிடலாம்.

நங்கூரத்தை எங்கே போடுவது என்பதும் முக்கியம். நீர் இறங்கும்போது படகு தன் நங்கூரத்தின் மேலேயே உட்கார்ந்தால் அடி ஓட்டையாகும். ஆகவே கயிறு நீளமாக விட்டு, முன்னும் பின்னும் கட்டிவைப்பார்கள்.

கட்டும் இடத்தைக் கார்த்திகையில் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் மட்டம் பொதுவாகவே உயர்ந்திருக்கும். மாசி, பங்குனியில் அதுவே தாழ்ந்து, கார்த்திகையில் மிதந்த படகு நாளின் பாதி நேரம் தரையில் கிடக்கும். அந்த நேரத்தையும் வீணாக்குவதில்லை. அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி எடுப்பது அப்போதுதான்.