ரப்பரின் வயது

சென்ற சித்திரையில் மதுரைக்கு வந்தபோது, மச்சானின் 2001 ஹோண்டா சிட்டி வி-டெக்கைத் திருமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தேன். கப்பலூர் தாண்டியதும் நான்குவழிச் சாலை வெறிச்சென்று கிடந்தது. மூன்றாவது கியரில் மிதித்தேன். முள் மேலே ஏற ஏற வண்டியின் குரலே மாறிவிட்டது. ஒன்றரை லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன், இருபத்து நாலு வயது. 2003-இல் வந்த அடுத்த சிட்டிக்கு 77 குதிரைத்திறன்தான். பழையதை வைத்திருப்பவர்கள் ஏன் கைவிட மறுக்கிறார்கள் என்று அந்த ஒரு மிதியில் புரிந்தது.

“ஆயிலைக் கறுக்க விடாம மாத்திருங்க மாப்ள, அதுபாட்டுக்கு ஓடும்” என்றார் மச்சான். சரியான பேச்சு. வி-டெக்கில் வால்வு கூடுதலாகத் திறப்பதே எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால்தான். கசடு பிடித்த ஆயிலில் அந்த வேகம் எழும்பாது.

ஸ்டுட்கார்ட்டில் என்னிடம் இருப்பது கிட்டத்தட்ட அதே வயதுள்ள ஜெர்மன் செடான். சக்தி இரண்டு மடங்கு. பதினோரு வருடமாக ஓட்டுகிறேன், எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்ததில்லை. செலவெல்லாம் சுற்றியிருக்கும் சின்னச் சாமான்களுக்குத்தான். ஒரு ஜனவரி இரவில் பிளாஸ்டிக் கூலன்ட் டாங்க் விரிசல் விட்டு, நடுவழியில் பனியில் நின்றேன். அடுத்து ஹோஸ்கள், அதற்கடுத்து சஸ்பென்ஷன் புஷ்கள். புஷ் என்னவோ இருபது யூரோதான். அதை மாட்ட நாலு மணி நேரம் ஆகும், பட்டறைக் கூலியோ மணிக்கு நூறு யூரோவுக்கு மேல். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அடித்தகட்டை அரிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ‘ட்யூஃப்’ சோதனையில், பரிசோதகர் வண்டிக்கடியில் விளக்கோடு நின்று அந்தத் துருவைத் தட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

மதுரையில் உப்பு இல்லை. மச்சான் வண்டியின் தகட்டில் டிங்கரிங் செய்த தடமே கிடையாது. இங்கே எதிரி வெயில். நாற்பது டிகிரியில் ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. அதனால்தான் டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் பார்த்து மட்டும் மாற்றக் கூடாது, வயதும் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் ஓடும் வண்டியிலும் பெல்ட் கிழடாகும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் அபாயம் உண்டு. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் எரிபொருள் ஹோஸ்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று ஒன்றிய அரசே 2025-இல் சொன்னது.

ஆனால் மதுரையில் கை இருக்கிறது. 1911-இல் டி.வி.எஸ். தொடங்கிய காலம் முதல் மோட்டார் தொழில் பழகிய ஊர் இது. மச்சானின் மெக்கானிக் அண்ணன், கிடைக்காத புஷ்ஷுக்கு லேத்தில் அச்சு கடைந்து ரப்பர் வார்த்துக் கொடுத்தார். தேய்ந்த சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஜோடி தேடிப் பிடித்தார். ஸ்டுட்கார்ட்டில் அப்படிக் கடைந்த பாகத்தைச் சோதனையில் ஏற்கமாட்டார்கள்.

சட்டத்தின் கண்ணோட்டமும் வேறு. ஜெர்மனியில் முப்பது வயதான கார் நல்ல நிலையில் இருந்தால் ‘ஹெச்’ எண் பலகை, ஆண்டுக்குச் சுமார் 191 யூரோ வரி. அதைப் பாரம்பரியமாக மதிக்கிறார்கள். இந்தியாவில் ‘விண்டேஜ்’ என்ற பெயருக்கே ஐம்பது வயது ஆக வேண்டும். அதுவரை எஃப்.சி., பசுமை வரி என்று கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மருமகனுக்கு மூன்று லட்சத்தில் பழைய ஜெர்மன் செடான் ஒன்று வாங்க ஆசை. வேண்டாம் என்றேன். அந்த வண்டி அவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அடுத்து வரப்போகும் பில். சர்வீஸ் கணக்கு எழுதி வைத்த வி-டெக் கிடைத்தால் வாங்கு. முதல் மாதமே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸும் மாற்று. அந்தப் பணத்தை வண்டி விலையோடு சேர்த்தே எண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மச்சானின் ஆர்.சி. 2016-இலும் 2021-இலும் புதுப்பித்தது, 2026-இல் மறுபடி முடிகிறது. இருபது வயது கடந்த காருக்கு இப்போது கட்டணம் 10,000 ரூபாய். கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.