மூன்று கிலோ புளி

 

போன வருடம் எங்க அக்கா பிளஸ் டூ முடித்து, திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். எங்க வீட்டில் முதல் இன்ஜினியர் அவள்தான். (இன்னும் ஆகவில்லை. ஆனாலும் அப்பா டீக்கடையில் அப்படித்தான் சொல்கிறார்.) சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மடிக்கணினி வேண்டும் என்று வந்து நின்றாள். அம்மா நத்தத்தில் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் தைக்கிறாங்க. மகளிர் குழுவில் ஐம்பதாயிரம் கடன் எடுத்தாங்க. தப்பா ஒன்றை வாங்கிவிட்டால் நாலு வருஷமும் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால் ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கடைக்காரர் இரண்டு எடுத்துக் காட்டினார். ஒன்றில் திரை 15.6 அங்குலம், தனி கிராபிக்ஸ் கார்டு உண்டு, எடை 2.3 கிலோ. அதன் சார்ஜர் பார்க்க செங்கல் மாதிரியே இருந்தது, அது வேறு 600 கிராம். இன்னொன்று 14 அங்குலம், எடை 1.4 கிலோ, சார்ஜர் 300 கிராம். இதில் தனி கிராபிக்ஸ் கிடையாது. விலை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அக்காவின் சீனியர்கள் "3டி எல்லாம் வரைய பெரிசுதான் வேணும்" என்று சொல்லியிருந்தார்கள். நானும் பெருசுதான் வாங்கணும் என்று அடம் பிடித்தேன். உண்மையைச் சொல்லி விடுகிறேன். அதில் கார் ரேஸ் நன்றாக ஓடும் என்று கடையிலேயே பார்த்து விட்டேன். அக்கா படிப்புக்காகப் பேசுவது மாதிரி பேசினேன். இப்போ நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கணினி ஆசிரியையிடம் கேட்டேன். பிராசசர் பெயரின் கடைசியில் உள்ள எழுத்தைப் பார்க்கச் சொன்னார். இன்டெல் பிராசசரில் யு என்று முடிந்தால் பெரும்பாலும் 15 வாட், ஹெச் என்று முடிந்தால் 45 வாட். வாட் கூடினால் வேகமும் கூடும், சூடும் கூடும். அந்தச் சூட்டை வெளியே தள்ள செம்புக் குழாய், பெரிய விசிறி எல்லாம் வைக்க வேண்டும். அதனால்தான் வேகமானது கனமாகவும் இருக்கிறது. அதுவரை நான் பெரிய திரைதான் கனம் என்று நினைத்திருந்தேன்!

பிறகு ஒரு கணக்கு போடச் சொன்னார். நீங்களும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் பேட்டரி 50 வாட்-மணி என்று வைத்துக் கொள்வோம். சின்னதில் நோட்ஸ் தட்டும்போது 8 வாட் செலவானால் 6 மணி நேரம் வரும். பெரியது அதே வேலைக்கு 20 வாட் எடுத்தால் இரண்டரை மணி நேரம்தான். அதன் முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அது மட்டும் இல்லை, பிளக் இல்லாதபோது பெரியது தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளுமாம். அக்கா வகுப்பில் அறுபது பேருக்குச் சுவரில் இரண்டே பிளக். முதல் பெஞ்சுக்குத்தான் எட்டும்.

இவ்வளவு சொல்லியும் அக்கா கேட்கவில்லை. "ஒன்னேகால் கிலோ கூட, அவ்வளவுதானே, அதைத் தூக்க மாட்டேனா?" என்றாள்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. பரணில் இருந்த புளியை எடுத்தார். தராசில் நிறுத்து மூன்று கிலோ கட்டினார். "இந்தா ஆத்தா. இதுதான் உன் கம்ப்யூட்டர். ஒரு வாரம் கொண்டு போய்ட்டு வா."

அக்கா நிஜமாகவே கொண்டு போனாள்! எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு ஒன்றரை கிலோமீட்டர் நடை. அங்கிருந்து நத்தம், நத்தத்தில் இறங்கி திண்டுக்கல் பஸ். உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். புளியோடு புத்தகம், சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில். ஒரு கையில் டிராஃப்டர், சுருட்டிய டிராயிங் ஷீட் வேறு. முதல் நாள் சிரித்துக் கொண்டே வந்தாள். மூன்றாவது நாள் தோளில் பட்டை பட்டையாகச் சிவந்திருந்தது. அம்மா எண்ணெய் தேய்த்து விட்டாங்க. நானும் ஒரு நாள் அந்தப் பையை நம் பள்ளிக்குத் தூக்கி வந்தேன். புளி வாசத்துக்கு என் பக்கத்தில் இருந்தவள் இன்டர்வெல் வரை எச்சில் முழுங்கிக் கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் நாள் அக்கா புளியை வீட்டில் வைத்து விட்டுப் போய் விட்டாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பெரியப்பா மகன் அண்ணனும் இப்படித்தான் பெரியது ஒன்று வாங்கினான். கனமாக இருக்கிறது என்று வீட்டிலேயே விட்டு விட்டுப் போவான். இப்போது அது டிவி ஸ்டாண்டில் துண்டு போர்த்திக் கிடக்கிறது. பெயர்தான் மடிக்கணினி!

இன்னொன்றும் ஆசிரியை சொன்னார். 1981-இல் ஆஸ்போர்ன் 1 என்று ஒரு கணினி வந்தது. கையில் தூக்கிப் போகலாம் என்றுதான் விற்றார்கள். எடை 11 கிலோ! திரை 5 அங்குலம், பேட்டரி கிடையாது. படத்தில் பார்த்தால் தையல் மிஷின் பெட்டி மாதிரியே இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன், "இதைத் தூக்கிட்டு யாருடி பஸ் ஏறுவா?" என்றாங்க. 2008-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் என்ற கணினியை உருவிக் காட்டினார். எடை 1.36 கிலோ. ஆனால் அதில் சிடி போட இடமில்லை, யுஎஸ்பி ஒன்றே ஒன்றுதான். எடை குறைய வேண்டும் என்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் போல.

நாங்கள் சின்னதையே வாங்கினோம். வாங்கும்போது ஒன்று கவனித்தோம். மெல்லிசான மடிக்கணினி சிலவற்றில் ராம் முழுவதும் பலகையோடு பற்ற வைத்திருக்கும், பிறகு கூட்ட முடியாது. இதில் 8 ஜிபி பற்ற வைத்தது போக ஒரு இடம் காலி. அப்பா புளி விற்ற காசில் அங்கே இன்னொரு 8 ஜிபி போட்டோம்.

எல்லாம் நல்லபடியாகவே போனது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் இரண்டாவது செமஸ்டரில் அக்கா ஒரு வீட்டை 3டியில் வரைந்து, வெயில் நிழல் விழுகிற மாதிரி படம் எடுக்க வேண்டி வந்தது. இரவு ஒன்பதுக்குப் போட்டு விட்டுப் படுத்தோம். விடிந்து பார்த்தால் பாதி படம்தான் வந்திருந்தது. சின்ன விசிறி அழுவது மாதிரி கத்திக் கொண்டிருந்தது. மறுநாள் கல்லூரி லேபில் உட்கார்ந்து முடித்தாள். அதற்குள் நத்தத்தில் எங்கள் ஊர் பஸ் போய் விட்டது. அப்பாவும் நானும் டார்ச் எடுத்துக் கொண்டு மெயின் ரோட்டில் நின்றோம். எட்டே முக்காலுக்கு வேறு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் வாடிப் போயிருந்தது.

"பெருசையே வாங்கியிருக்கலாமோக்கா?" என்று கேட்டேன்.

அக்கா பதில் சொல்லவில்லை. பையைக் கழற்றி என்னிடம் கொடுத்து விட்டு அப்பாவோடு முன்னால் நடந்தாள். பை லேசாக இருந்தது. கணினியை லேபிலேயே மறந்து வைத்து விட்டாளோ என்று பயந்து, டார்ச் வெளிச்சத்தில் ஜிப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளேதான் இருந்தது.

– 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி