வாட்ச்சுக்குத் தமிழ் தெரியாது

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். சென்னையில் இருக்கும் அவருடைய மகள் ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்புகிறேன் என்கிறாளாம். "சார், பத்து வருஷத்துக்கு முன்னாடியே அதைக் கட்டிக்கிட்டு அல்லிநகரத்துல நடமாடின ஆளு நீங்க ஒருத்தர்தான். வாங்கலாமா, வேண்டாமா, சொல்லுங்க" என்றார். காபி ஆறுகிற வரைக்கும் பேசினேன். ஆனால் அவரிடம் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கைக்கு அது வந்தது 2014 தீபாவளி சமயம். பாரிஸில் இருக்கும் என் தங்கை மகன் ஊருக்கு வந்தபோது, தான் ஒரு வருஷம் கட்டியிருந்த வாட்ச்சைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டுப் போனான். எனக்கு வலது காது சரியாகக் கேட்காது. போன் சட்டைப் பையிலேயே அடித்து ஓய்ந்துவிடும். "மாமா, இனிமே போன் வந்தா கை நடுங்கும்" என்றான். அறுபத்து நாலு வயதில் கை தானாகவே கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. அது வேறு விஷயம்.

அதற்கு முன் நான் கட்டியிருந்தது எச்.எம்.டி. புதுச்சேரியில் அரசாங்க எழுத்தராகச் சேர்ந்து மூன்றாவது வருஷம் சேமித்து வாங்கினேன். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. காலையில் பல் விளக்கியதும் சாவி கொடுக்க வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை. பிறகு நம் மாநில டிட்கோவும் டாடாவும் கூட்டுச் சேர்ந்து ஓசூரில் டைட்டனை ஆரம்பித்தபோது, அலுவலகத்தில் எல்லோரும் பேட்டரி வாட்ச்சுக்கு மாறினார்கள். நான் மாறவில்லை. அப்படிப்பட்டவன் நேராகத் தாவியது ஸ்மார்ட் வாட்ச்சுக்கு.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து ஸ்மார்ட் வாட்ச் எப்படி இருந்தது என்று தெரியாது. 2000ஆம் ஆண்டிலேயே ஐபிஎம் லினக்ஸ் ஓடும் கைக்கடிகாரம் ஒன்றைச் செய்து காட்டியது. ஆனால் அது கடைக்கு வந்த சாமான் இல்லை. ஜனங்கள் கையில் இது வந்ததற்குப் பெரிய காரணம் 2012இல் எரிக் மிகிகோவ்ஸ்கி என்ற கனடாக்காரர் தொடங்கிய பெபிள். ஒரு லட்சம் டாலர் கிடைத்தால் போதும் என்று இணையத்தில் பொதுமக்களிடம் கேட்டார். 68,929 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் சாம்சங் கேலக்ஸி கியர் வந்தது. பட்டையிலேயே கேமரா. ஆனால் முதலில் அது நோட் 3 போனோடு மட்டும்தான் சேரும். ஆப்பிள் வாட்ச் வந்தது 2015 ஏப்ரலில்தான்.

என்னுடையது இவை எதுவும் இல்லை. அதே காலத்தது, கறுப்பு வெள்ளைத் திரை, ஓரத்தில் பொத்தான்கள், தொட்டால் ஒன்றும் நடக்காது. பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். திரை எப்போதும் தெரியும். வீரப்ப அய்யனார் கோவில் பாதையில் உச்சி வெயிலில் நடந்தாலும் மணி பளிச்சென்று தெரியும். போன் திரையோ வெயிலில் கண்ணாடி மாதிரி என் முகத்தைத்தான் காட்டும். ஒரு முறை சார்ஜ் போட்டால் ஐந்து நாள் வரும். போனிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொள்வதால் ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அதிர்வு. நாற்பது வருஷமாக "காது கேட்காத மனுஷன்" என்று பேர் வாங்கியவனுக்கு, பஸ் ஸ்டாண்டு இரைச்சலில்கூட யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மணிக்கட்டில் தட்டிச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த மாதிரி. இதை நான் ஒரு நாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

கெட்டது? அது வாட்ச்சே இல்லை, போனின் வால். புளூடூத் முப்பது அடி தாண்டினால் அறுந்துவிடும். போனை வீட்டில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனால் கையில் இருப்பது வெறும் மணி காட்டும் பிளாஸ்டிக். புளூடூத்தை எப்போதும் திறந்தே வைக்க வேண்டியிருந்ததால், என் பழைய போனின் பேட்டரி சாயங்காலம் நாலு மணிக்கே மூச்சு வாங்கும். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சார்ஜர் ஒயர் ஒரு தினுசானது. ஒரு முறை எலி கடித்துவிட்டது, தேனி கடைவீதி முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை, பாரிஸிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. எத்தனை அடி நடந்தேன் என்று அது சொல்லும் கணக்கும் தாராளமானது. தயிர் கடைந்தால்கூட நடந்ததாக எழுதிக்கொள்ளும்.

இதெல்லாம் தலைமையாசிரியரிடம் சொன்ன பாதி. சொல்லாமல் விட்டது இனிமேல்தான்.

அந்த வாட்ச்சுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் செய்தி வந்தால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் பெட்டிகள் நிற்கும். சின்னச் சின்னச் சதுரங்கள், மளிகைக் கடை அலமாரி மாதிரி. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. போனிலிருந்து எழுத்துக்குப் பதிலாக எழுத்தின் எண்தான் போகிறது. யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய இடம் உண்டு. அந்த எண்ணுக்குரிய உருவம் வாட்ச்சுக்குள் இல்லை என்றால், "இங்கே ஏதோ ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியாது" என்பதற்கு அடையாளமாக ஒரு சதுரம் போடும். நம் எழுத்தில் உயிர்மெய்க்கு மெய் தனி, கொம்பும் காலும் தனி எண். ஆகவே 'கீ' என்றால் இரண்டு பெட்டி.

போனில் நான் எல்லோர் பெயரையும் தமிழில்தான் பதிந்து வைத்திருந்தேன். மனைவியின் எண்ணுக்கு 'வீடு' என்று பெயர். ஆகவே வாட்ச்சில் அவளும் பெட்டி, பால்காரரும் பெட்டி, மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மச்சினனும் பெட்டி. போன் அழைப்பு என்றால் நடுக்கம் நீளமாக இருக்கும், எடுத்துவிடுவேன். செய்தி என்றால் ஒரு குட்டி நடுக்கம். பெட்டியைப் பார்த்ததும், வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். பழகிவிட்டது.

2015 ஜனவரி முதல் தேதி. மார்கழி மாதம், காலையிலேயே கோவில் ஒலிபெருக்கி. ஐந்து மணியிலிருந்து என் கை ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் புத்தாண்டு வாழ்த்து, எல்லாம் பெட்டி. ஆறு மணிக்குக் காய்கறி வாங்கக் கிளம்பினேன். போன் துணிப்பையில், முருங்கைக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் அடியில். ஏழு மணி வாக்கில் டீக்கடை வாசலில் நின்றேன். கை நடுங்கியது. பார்த்தேன். பெட்டிகள். இன்னொரு வாழ்த்து என்று விட்டேன்.

இரண்டு நிமிஷத்தில் மறுபடி நடுங்கியது. இந்த முறை எழுத்து. பாரிஸ் மருமகன். அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி, விருந்தில் இருந்திருப்பான். "போன் அன்னே தோன்தோன், போன் சாந்தே!" புத்தாண்டு வாழ்த்து மாமா, உடம்பு நலமாக இருக்கட்டும். பிரெஞ்சில் 'எ' எழுத்தின் மேல் சாய்ந்த கோடு போடுவோமே, அதுகூட இரண்டு இடத்திலும் சரியாக விழுந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் நின்றவரிடம் கையை நீட்டிக் காட்டினேன். இன்னொரு டீ சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழே முக்கால். அடுப்படியில் அவள் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். வலது கை மடங்கிக் கிடந்தது, இடுப்பில் அடி, எழுந்திருக்க முடியவில்லை. கத்தியிருக்கிறாள், ஒலிபெருக்கியில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் போனில் பேசக் காசு தீர்ந்திருந்தது. வீட்டு வைஃபை மட்டும் இருந்தது. முக்காலியைக் காலால் இழுத்து, அதன் மேலிருந்த போனை விழவைத்து, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு அனுப்பியிருக்கிறாள்: கீழ விழுந்துட்டேன் வாங்க.

அன்று ராத்திரி, அவளுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்த பிறகு, வாட்ச்சில் அந்தச் செய்தியை எடுத்துப் பார்த்தேன். மூன்று பெட்டி, ஒரு இடைவெளி, பதினான்கு பெட்டி, ஒரு இடைவெளி, ஐந்து பெட்டி. எண்ணி எண்ணிப் பார்த்தேன்.

"கையில கட்டியிருக்கீகளே, அது எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. வாட்ச் மேல் பழி போடலாம். ஆனால் போன் கைக்கெட்டும் தூரத்தில் பைக்குள்தான் இருந்தது. அந்த வாட்ச் வருவதற்கு முன்பென்றால், புத்தாண்டு அன்றைக்குப் போனை எடுத்து ஒரு தடவையாவது பார்த்திருப்பேன். கையில் பார்த்துவிட்டோம் என்கிற நினைப்பு, பையில் பார்க்கவிடாமல் செய்துவிட்டது.

அந்த ராத்திரி தூக்கம் வராமல் நினைத்துக்கொண்டது என் அம்மாவை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954இலேயே பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டாலும், 1962 ஆகஸ்ட்டில்தான் சட்டப்படி கைமாறியது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அந்தப் படிப்பில்தான் நம்பிக்கை. சாயங்காலம் அம்மா என் நோட்டை வாங்கிப் பார்ப்பாள். ஒரு எழுத்தும் தெரியாது. வரி கோணாமல் இருக்கிறதா, மை சிந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுப்பாள். வாத்தியார் சிவப்பு மையில் என்னைத் திட்டி எழுதிய பக்கத்தையும் அப்படித்தான் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத் தந்தது அவள்தான், அரிசியில் விரலால் எழுதி.

அந்தப் பிரெஞ்சினால்தான் எனக்கு அரசு வேலை. பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. நம் பெயர்களைப் பிரெஞ்சுக் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பார்கள். சுப்பராயன் ஒரு மாதிரி இருப்பான், லட்சுமி வேறு மாதிரி இருப்பாள். கவுண்டருக்கு வெளியே நிற்கிற கிழவிக்குத் தன் பெயரே காகிதத்தில் அடையாளம் தெரியாது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தவன் நான்.

அவளுக்குக் கை சேர ஆறு வாரம் ஆயிற்று. இடுப்பு வலி குளிர் நாளில் இன்னும் வருகிறது. வாட்ச்சை நான் தூக்கி எறியவில்லை; காது அப்படி. இன்னும் மூன்று வருஷம் கட்டினேன். பிறகு போன் மாற்றியபோது, அதை இணைக்கிற செயலி புதுப் போனில் கிடைக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச் ஒரே நாளில் அநாதையாகிவிட்டது. பெரிய பெயர் வாங்கிய பெபிளுக்கும் அந்தக் கதிதான். 2016 டிசம்பரில் ஃபிட்பிட் வாங்கிக்கொண்டது, 2018 ஜூனில் சேவையை நிறுத்திவிட்டார்கள். பிடித்துப்போனவர்கள் தாங்களே கூடி ரீபிள் என்ற பெயரில் அதற்கு உயிர் கொடுத்தார்கள். என்னுடையதற்கு அப்படி யாரும் இல்லை. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியையும்தான் 2016இல் மூட முடிவெடுத்தார்கள். ஆனால் என் எச்.எம்.டி.க்கு அது தெரியாது. சாவி கொடுத்தால் ஓடுகிறது.

இப்போது பேரன் வாங்கித் தந்த வாட்ச் கட்டியிருக்கிறேன். தமிழ் ஒழுங்காக வருகிறது, தினமும் சார்ஜ் போட வேண்டியிருக்கிறது. தலைமையாசிரியரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "வாங்கச் சொல்லுங்க. ஆனா பில் போடறதுக்கு முன்னாடி, அதுக்குத் தமிழ்ல ஒரு செய்தி அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க." ஏன் என்று கேட்டார். காபி ஆறுகிறது என்றேன்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. அந்த விபத்துக்கு மறுநாளே, போனில் 'வீடு' என்று இருந்த பெயரை அழித்துவிட்டு, வாட்ச்சுக்குப் புரிகிற எழுத்தில் 'மெஸோன்' என்று மாற்றினேன். பிரெஞ்சில் வீடு. சில நாள் கழித்து அவள் என் போனைப் பார்த்துவிட்டு, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, "யாருங்க இது, மைசன்?" என்று கேட்டாள்.

"நீதான்" என்றேன்.

"ஆத்தி! அந்த வாட்ச்சுக்காக நான் பேரை மாத்திக்கணுமாக்கும்" என்று மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். புது வாட்ச் வந்த பிறகு திரும்ப 'வீடு' என்று மாற்றப் போனேன். வேண்டாம், பழகிப்போச்சு, இருக்கட்டும் என்றாள். இன்றைக்கும் அவள் கூப்பிட்டால் என் கையில் மைசன்தான் வருகிறாள்.