இராயபுரத்தில் ஒரு மூங்கில் வில்

திருப்பூர் இராயபுரத்தில் ஞாயிறு பிற்பகலில்தான் தையல் இயந்திரங்களின் இரைச்சல் ஓரளவு அடங்கும். அவ்வேளையில் தெருவில் நடந்தால் இந்தியும் ஒடியாவும் காதில் விழும். கூர்ந்து கேட்டால் முண்டாரி மொழியும் கேட்கும். ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்து முண்டா இளைஞர் ஒருவர், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர், ஊருக்குப் போய்த் திரும்பியபோது வில் ஒன்றையும் ஆறு அம்புகளையும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். விடுதியில் வைத்திருக்க அஞ்சி எம் இல்லத்தில் ஒப்படைத்தார். அவர் அச்சத்திற்குக் காரணம் உண்டு. 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத்தார் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்தி பரவி, பலர் கலங்கி இரயிலேறியதை வாசகர்கள் அறிவர். வில்லேந்திய வெளியூராரைத் தெரு எவ்வாறு நோக்கும்?

"சுவருக்குள்ளேயே எய்யலாமே, எனக்கும் கற்றுக்கொடு தம்பி" என்றேன்.

இலக்குக்குப் பஞ்சமில்லை. கட்டிங் வேஸ்ட் துணியைக் கோணியில் இறுகத் திணித்து மதிலோரம் நிறுத்தினோம். பாய்ந்த அம்பை முனை மழுங்காமல் ஏந்திக்கொள்ள இதனினும் நல்ல பொருளைக் கண்டதில்லை.

வில்லும் மூங்கில், நாணும் மூங்கிற் பட்டையே. ஒலிம்பிக் வில்லிலுள்ள குறிகாட்டியோ நிலைநிறுத்தும் கோலோ இதில் கிடையாது. கண் இலக்கையே நோக்க, கை தானே பழகவேண்டும். "கையால் இழுக்காதீங்க ஃபாதர், முதுகால் இழுங்க" என்றார். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்குமாறு இழுத்தபோதுதான் வில் வளைந்தது. ஐம்பத்தைந்து வயது முதுகுக்கு இஃது ஒரு புதுச் செய்தி! இழுப்பதைவிட விடுவதே அரிது. விரல்களைத் திறக்கலாகாது, தளர்த்தவேண்டும். நாண் முன்கையில் அறையாதிருக்கப் பனியன் துணியை மடித்துக் கட்டிவிட்டார். முதல் ஆறு அம்புகளில் இரண்டு கோணியில் தைத்தன.

அவர் பெருவிரலை நாணில் படவிடவில்லை. ஏகலைவன் இழந்த விரலை நினைந்தே இவ்வழக்கம் என்பது பழங்குடியினர் பலரிடை வழங்கும் கதை. பெருவிரல் படாது நாணிழுப்பது ஐரோப்பியரிடமும் உண்டு. ஆயினும் எனக்குக் கதையே உகந்தது. 1900 சனவரியில் டொம்பாரி மலையில் பிர்சா முண்டாவின் மக்கள் இத்தகைய வில்லோடு ஆங்கிலேயரின் துப்பாக்கிகளை எதிர்நின்றனர். அவ்வாண்டு சூன் 9ஆம் நாள் பிர்சா இராஞ்சிச் சிறையில் இறந்தார். இதை அவ்விளைஞர், தம் வீட்டில் நேற்று நிகழ்ந்த துக்கத்தைப் போலச் சொன்னார்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் வேட்டைக்கு இடமில்லை. அது முறையே. ஆனால் அம்பு எய்யும் கைக்கு என்ன வேலை? சிலருக்கு விளையாட்டரங்கம் வழிதிறந்தது. இராஞ்சிப் பக்கத்துத் தீபிகா குமாரி 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் இரு தங்கம் வென்றார். ஏனையோர் இரயிலேறி இங்கே வந்து ஓவர்லாக் தைக்கின்றனர். வில்லைச் சின்னமாகக் கொண்ட சேரர் ஆண்ட கொங்கு மண்ணில், அவர்களை நாம் "இந்திக்காரர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மதிலருகே நம் பீடச் சிறுவர் நால்வர் கூடிவிட்டனர். எல்லாரையும் தம் பின்னே நிறுத்தி, ஒருவர் எய்து முடிக்குமுன் மற்றவர் நகரலாகாதென்று கண்டித்தார். அவருள் இப்படியோர் ஆசிரியர் இருந்ததை நான் அன்றே கண்டேன்.

ஐந்தரைக்கு நாணைக் கழற்றினார். ஏற்றியே வைத்தால் மூங்கில் சோம்பிவிடுமாம். விடுதியில் அன்று சமையல் முறை அவருடையது. புறப்பட்டவரைச் சிறுவன் ஒருவன் வாயில்வரை தொடர்ந்தான்.

"அடுத்த ஞாயிறும் வருவீங்களாண்ணா?"

"ஓவர்டைம் இல்லைன்னா வர்றேன், தம்பி."